அளவுக்கு நின்ற ஆள்

நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். என் ஒருவன் வார்த்தை மட்டும் என்றால் நானே இதைக் கனவு என்று தள்ளியிருப்பேன். ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு மேல் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். நடந்து முடிந்த பிறகு அல்ல. நடந்துகொண்டிருக்கும்போதே. பாதிப் பேர் அப்போது என்னைக் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தார்கள். படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. அழிக்கலாம் என்று எத்தனையோ தடவை விரலை வைத்துவிட்டு எடுத்திருக்கிறேன்.

என் பெயர் முஸம்மில். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செலக்‌ஷனில் இருக்கிறேன். வருகிற தோலை மேசையில் விரித்து, தழும்பு, உண்ணிக்கடி, முள்கம்பி கிழித்த கோடு எல்லாம் பார்த்து, இது ஒண்ணாம் ரகம், இது மூணாம் ரகம் என்று பிரித்துப் போடுகிற வேலை. இருபது வருடமாக நின்றுகொண்டே பார்த்த வேலை. முட்டி இரண்டும் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் யாரோடும் பேசப் பிடிக்காது. "உங்க வாய கம்பெனியிலயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டீங்களா" என்று என் மனைவி சானியா கேட்பாள்.

அவளுக்குத் தெரியும், அந்த வாய் வாட்ஸ்அப்பில் இருக்கிறது என்று. 'பாலாறு கல் தேடிகள்' என்பது எங்கள் குழுவின் பெயர். நடுகல், கல்வெட்டு, ஏரிக்கரைத் தூண், எதைக் கண்டாலும் படம் எடுத்துப் போட்டு அடித்துக்கொள்வோம். எனக்கு நடுகல் என்றால் பைத்தியம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஊர் மாட்டை எதிரிகள் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர்க்காரர்கள் நட்ட கல் அது. ஒரு கையில் வில்லும் ஒரு கையில் கத்தியுமாக அவன் அதில் நிற்பான்.

காட்பாடி பிரேம்நாத் வாரத்துக்கு ஒரு தடவையாவது எழுதுவான். "பாய், உங்க ஆளு மாட்ட மீட்டவன். நீங்க அதுலயே ஷூ தைக்கிறீங்க. நியாயமா இது?"

"அவன் மீட்டுக் குடுத்ததாலதான்டா எங்களுக்குத் தோலே கெடைக்குது" என்று நான் எழுதுவேன். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழும். நேரில் நானும் அவனும் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த வருடங்களில் நான் அதிகம் சிரித்தது அவனோடுதான்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. அதற்கும் காரணம் பிரேம்நாத்தான். வந்த புதிதில் 'ஆறடி வீரன்' என்று ஒரு படம் போட்டான். லீவு போட்டு, வேன் பிடித்து, ஒரு கூட்டமே போனோம். போய்ப் பார்த்தால் கல் என் முட்டி உயரம். வேனில் திரும்பி வரும்போதே அம்பிகா டீச்சர் சட்டம் போட்டுவிட்டார். அவர்தான் அட்மின். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இனிமேல் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். தலையிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும். இடமும் நேரமும் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். ஆள் நிற்காத படம் செல்லாது.

ஆளை வைத்துத்தான் கல்லை அளப்போம். மாடு மேய்க்கிறவர், பால்காரர், நாற்று நடுகிற அம்மா, யார் கிடைத்தாலும் "ஒரு நிமிஷம் அப்டியே நில்லுங்க" என்போம். யார், என்ன பேர் என்று கேட்க மாட்டோம். நின்றால் போதும்.

போன மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பிரேம்நாத் ஒரு வீடியோ போட்டான். வீட்டுமனை விற்கிற விளம்பரம். ட்ரோனில் எடுத்தது. கலர் கலராகக் கொடி, நடுவில் ஒரு கோட்டு சூட்டு. ஓரிடத்தில் நிறுத்தி, மூலையில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தான்.

"இது இன்னா, சொல்லுங்க பாப்போம்."

"துணி தொவைக்கிற கல்லு" என்றார் ஒருவர்.

"பிளாட் வாங்குனா இலவசமாம்" என்றார் இன்னொருவர்.

நான் மேசையடியில் போனை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோலில் தழும்பு தேடிப் பழகின கண் எனக்கு. ஒரு வளைவு தெரிந்தது. வில். அதற்கு மேலே ஒரு தோள். அந்தக் கல் எந்தக் குழுவிலும், எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. யாரும் பார்க்காத கல்.

இடமும் எனக்குத் தெரிந்த இடம்தான். பாலாற்றுப் பக்கம் பல வருடமாக மூடிக் கிடக்கிற ஒரு டேனரி, தோல் பதனிடுகிற இடம். பெயர் வேண்டாம். வீடியோவின் கடைசியில் எழுத்து ஓடியது. 'நாளை காலை பூமி பூஜை.' பூஜை என்றால் தேங்காய் உடைத்துவிட்டு ஜேசிபியை விடுவார்கள். அந்தக் கல் மண்ணோடு மண்ணாகிவிடும்.

அம்பிகா டீச்சர் தொல்லியல் துறையில் தனக்குத் தெரிந்த அலுவலர் ஒருவரிடம் பேசினார். பிறகு குழுவில் குரல் பதிவு போட்டார். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள படம் வேணுமாம். ஆள் நிக்கணும், உயரம் தெரியணும். வந்துட்டா காலையில அவர் தாசில்தார்கிட்ட பேசி நிறுத்திடுவாராம். வெறும் வீடியோவ வெச்சி ஒண்ணும் பண்ண முடியாதாம். யார் பக்கத்துல இருக்கீங்க?"

யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான்தான்.

அது கண்டெய்னர் ஏற்றுகிற வாரம். மூன்று வாரமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கால் வீங்கி ஷூவே கஷ்டப்பட்டுத்தான் ஏறியது. யாராவது 'நான் போறேன்' என்று எழுதுவார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரும் எழுதவில்லை. 'சரி' என்று தட்டிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் வண்டியை எடுத்தேன். சானியாவுக்கு போன் செய்து லேட்டாகும் என்றேன். "மக்ரிப் தொழுகைக்கு முன்னாடி வந்துடுங்க. அந்தப் பக்கம் நல்ல எடம் இல்ல" என்றாள். அவள் எல்லா இடத்தையும் அப்படித்தான் சொல்வாள்.

நான் போய்ச் சேரும்போது ஆறு மணி. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றுச்சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. வண்டியைச் சாய்த்துவிட்டு அந்த வழியாக ஏறி நின்றேன்.

உள்ளே பெரிய வெற்றிடம். ஒரு பக்கம் கூரை போன ஷெட். தோல் உருட்டுகிற மர டிரம்கள் இருந்த மேடைகள் மட்டும் மிச்சம். இன்னொரு பக்கம் சீமைக் கருவேலம். நடுவில் கறுப்பாகக் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்த தரை. அங்கங்கே புல். மனைக்காரர்கள் நட்ட சிவப்புக் கொடி ஒன்று அசையாமல் நின்றது.

அந்தத் தரைக்கு அப்பால், கொடிக்குப் பக்கத்தில், கல் இருந்தது.

என் முட்டிவலி போன இடம் தெரியவில்லை. அவ்வளவு அழகு. சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழுந்ததில் வில், கத்தி, கொண்டை, இடுப்புத் துணியின் மடிப்பு வரை தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆயிரம் வருடம் நின்றவனை நாளைக்கு ஜேசிபி அள்ளிப் போட்டுவிடும்.

அளவுக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தேன்.

ஆள் இருந்தார். கல்லுக்குப் பக்கத்திலேயே.

நான் முதலில் பார்த்தபோது அவர் அங்கே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. ஐம்பது வயது இருக்கும். பனியன், மடித்துக் கட்டின கைலி. மனைக்காரர்கள் வைத்த வாட்ச்மேன் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒரே ஒரு போட்டோ. அந்தக் கல்லு பக்கத்துல அப்டியே நில்லுங்க" என்று கத்தினேன்.

அவர் அப்படியே நின்றார்.

எடுத்தேன். படத்தில் நேரம் 6:07 என்று பதிந்தது. கண்ணை இடுக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழுவில் போட்டேன்.

கைதட்டல்கள், இதயங்கள், பூங்கொத்துகள் வந்து கொட்டின. யாரோ எனக்குக் கிரீடம் வைத்த ஸ்டிக்கர் போட்டார்கள். ஒரு நிமிடம் கழித்து பிரேம்நாத் எழுதினான்.

"பாய், கல்லு சூப்பர். ஆளுக்குக் கால் எங்க?"

பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் அவருக்கு முட்டிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. புல் மறைத்திருக்கிறது என்று நினைத்தேன். தலையைத் தூக்கி நேரில் பார்த்தேன். பாதம் வரை தெரிந்தது. செருப்பு இல்லாத பாதம்.

"பாதம் தெரியாம அளக்க முடியாது. இன்னொண்ணு எடுங்க பாய்" என்று அம்பிகா டீச்சர் எழுதினார்.

"அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. கால் தெரியல."

அவர் நகரவில்லை. காது கேட்காதவராக இருக்கும் என்று நினைத்தேன். நானே இரண்டு எட்டு முன்னால் போய், குனிந்து எடுத்தேன். 6:13.

போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். களைப்பில் கண்ணை மூடினால் அங்கேயே தூங்கிவிடுவேன் போலிருந்தது. போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"பாய் இன்னா இது, கல்லு வளருது."

"முதல் படத்துல கல்லு ஆளோட இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. இதுல நெஞ்சு வரைக்கும் இருக்கு."

"கலியுகம்ப்பா. கல்லே காம்ப்ளான் குடிக்குது."

"பிரேம்நாத்தோட ஆறடி வீரன் இவன்தான். அன்னிக்குக் கொழந்த, இன்னிக்கு வளந்துட்டான்."

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். அந்த இடத்தில் என் சிரிப்பு மட்டும் கேட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஒரு காக்காய் சத்தம்கூட இல்லை. சாயங்காலம், ஆற்றோரம், இவ்வளவு கருவேலம்... ஒரு குருவி இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அவருடைய கைலி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. பனியனும்தான். அந்தப் பக்கம் மழை பெய்து மாதக்கணக்கு ஆகிறது. அந்த வளாகத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

குளித்துவிட்டு வந்திருப்பார் என்று மனசை சமாதானப்படுத்தினேன். எங்கே குளித்தார் என்று யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஒரே ஒரு படம், பாதத்தோடு. கிடைத்தால் கல் பிழைத்தது, நானும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவ்வளவுதான் தலையில் இருந்தது.

கிட்டத்தில் போய் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

கறுப்புத் தரையில் இறங்கினேன். ஓரத்தில் நல்ல கெட்டி. அப்பளம் மாதிரி மேலே நொறுங்கியது, அடியில் தாங்கியது. நடந்தேன்.

வாடை அடித்தது.

எங்களுக்கு வாடை தெரியாது. தோல் வேலைக்காரர்கள் மூக்கு செத்து ரொம்ப நாளாகிறது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில் நாங்கள் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவோம். எனக்கே அடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அழுகின முட்டை வாடை.

"அண்ணே, கால் தெரியணும்ணே. கொஞ்சம் மேல ஏறி நில்லுங்க."

அவர் கையைத் தூக்கினார்.

வலது கை. உள்ளங்கை தெரிய, முன்னால் நீட்டினார். விரல்கள் விரிந்திருந்தன. வாய் திறக்கவில்லை.

கை கொடு என்று கேட்கிறார் என்று நினைத்தேன். காலில் ஏதோ அடி, ஏற முடியவில்லை போலிருக்கிறது. பாவம், இவ்வளவு நேரம் அந்த ஆளை நிற்க வைத்துக் கூத்தடித்திருக்கிறோமே என்று சங்கடமாக இருந்தது.

ஒரு படம் எடுத்துக்கொண்டே அவரை நோக்கிப் போனேன். 6:20. அனுப்பினேன். சிக்னல் இல்லாமல் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"புடிங்கண்ணே" என்று இடது கையை நீட்டினேன்.

இன்னும் பத்து எட்டு இருக்கும்.

திடீரென்று வாடை நின்றது.

குறையவில்லை. நின்றது. விளக்கை அணைத்த மாதிரி.

டேனரியில் ஒரு நாள் வேலை பார்த்தவனுக்கும் இது தெரியும். சொல்லிக் கொடுத்துத்தான் உள்ளே விடுவார்கள். வாடை அடிக்கிற வரை பயம் இல்லை. அடித்துக்கொண்டிருந்த வாடை நின்றுபோனால் ஓடு. மூக்கைக் கொன்றுவிட்டுத்தான் அந்தக் காற்று ஆளைக் கொல்லும்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன். கால் கேட்கவில்லை. இப்படியே கொஞ்சம் உட்காரலாம் போலிருந்தது. அவ்வளவு அசதி...

போன் அடித்தது.

அம்பிகா டீச்சர். குழுவில் வருடக்கணக்காகப் பேசியிருக்கிறோம். போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"பாய், எங்க இருக்கீங்க?"

"கிட்ட போய்ட்டு இருக்கேன் டீச்சர்."

"போகாதீங்க."

"இன்னா டீச்சர்?"

"மூணாவது படம் வந்துச்சு. நான் மூணையும் பக்கத்துல வெச்சிப் பாத்தேன். கொடிக் கம்பத்த வெச்சி அளந்துட்டேன். கல்லு அப்டியேதான் இருக்கு. கல்லு வளரல."

அவர் குரல் நடுங்கியது.

"ஆளு கொறையிறாரு பாய்."

நான் தலையைத் தூக்கினேன்.

கல் இருந்தது. கொடி இருந்தது.

அவர் இல்லை.

"பாய்? இதுல கழுத்து வரைக்கும்தான் தெரியறாரு. கழுத்தும் அந்தக் கையும்தான். பாய், பேசுங்க..."

ப்ளக்.

கல்லுக்கு முன்னால், கறுப்புத் தரையில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

ப்ளக்.

இன்னொன்று. கொஞ்சம் இந்தப் பக்கம்.

ப்ளக்...

என் காலடியில்.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் கணுக்கால் வரை உள்ளே இருந்தது.

எப்போது இறங்கியது என்று தெரியாது.

சில்லென்று இருந்தது.

இழுத்தேன். வரவில்லை.

போனைப் பின்பக்கமாக, ஓரத்தை நோக்கி எறிந்தேன். பின்னால் அப்படியே மல்லாந்து விழுந்தேன். முழங்கையை ஊன்றி இழுத்தேன். ஷூ உள்ளே போனது. கால் வந்தது.

நடக்கவில்லை. தவழ்ந்தேன்.

எங்கேயோ தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் வந்து சேர்ந்தேன்.

சுவருக்கு வெளியே வாந்தி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வாடை அடித்தது. வாடை அடித்ததற்கு அன்றைக்குப் போல எப்போதும் நான் அல்லாவுக்கு நன்றி சொன்னதில்லை. போன் அந்தத் தரையின் ஓரத்தில் வெளிச்சமாகக் கிடந்தது. ஒரு கருவேலங் கொம்பால் இழுத்து எடுத்தேன். உள்ளே கால் வைக்கவில்லை.

வீட்டில் சானியா என்னை வாசலிலேயே உட்கார வைத்து, வாளித் தண்ணீர் ஊற்றி என் காலைக் கழுவினாள். கறுப்பு போகவே இல்லை. சோப்புப் போட்டாள், மண்ணெண்ணெய் போட்டாள். பிறகு அழுதாள். எனக்கு அழுகிற தெம்பும் இல்லை. குழுவைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது படத்துக்குக் கீழே ஒரே ஒரு செய்தி இருந்தது. பிரேம்நாத் எழுதியது. "பாய், வீட்டுக்கு வந்துட்டீங்களா?" அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. எப்போதும் கூச்சலாக இருக்கிற குழு அது.

கல் பிழைத்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். டீச்சர் அந்த மூன்று படங்களையும் அப்படியே அலுவலருக்கு அனுப்பியிருந்தார். காலையில் பூஜை நடக்கவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் ஒரு நீள மூங்கிலை அந்தக் கறுப்புத் தரையில் குத்திப் பார்த்தார்கள். மூங்கில் முழுசாகப் போனது. அது தரையே இல்லை. டேனரியின் கழிவுத் தொட்டி. மேலே மட்டும் காய்ந்து புல் முளைத்திருக்கிறது. ஜேசிபி ஏறியிருந்தால் அதை ஓட்டுகிறவனோடு இறங்கியிருக்கும் என்றார்கள். கல்லைப் பின்பக்கமாக, ஆற்றுப் பக்கத்துச் சுவரை உடைத்து எடுத்தார்கள். இப்போது ஓர் அரசு வளாகத்தில் பத்திரமாக இருக்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கேன்டீனில் கலீமுல்லா பாய் எதிரே வந்து உட்கார்ந்தார். எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். அதிகம் பேச மாட்டார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"இன்னாமோ போட்டோன்னு சொன்னாங்க. காட்டு."

காட்டினேன். முதல் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது ஆரோக்கியசாமி அண்ணன்" என்றார்.

"தெரியுமா பாய்?"

"என்னைத் தூக்கினவரு."

பிறகு சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் அந்த டேனரியில்தான் இருந்தார். தொட்டியில் அடைப்பு எடுக்க அவரை இறக்கினார்கள். "வாடை அடிச்சது. அப்பறம் அடிக்கல. அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணத் தொறந்தா மேல கெடக்கேன். அண்ணன் எறங்கி என்னை மேல தூக்கிப் போட்டுட்டாரு. அவரால ஏற முடியல. கழுத்து வரைக்கும் போய்ட்டாரு. கைய மட்டும் நீட்டினாரு. வாய் தொறக்கல. கை குடுங்கன்னு கேக்கறாருன்னு எல்லாரும் நெனச்சோம்."

டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"அது வராதீங்கன்னு சொல்ற கை. எங்களுக்குப் புரியல. என் தம்பி ஒருத்தன் இருந்தான். முஜாஹித். எனக்குப் பின்னால இருந்து ஓடி வந்தான். கை குடுக்கறேன்னு குனிஞ்சான்."

அவருக்குத் தம்பி ஒருவன் இருந்து இறந்துபோனது எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்க மாட்டார்கள்.

எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. என்னைக் கூப்பிடவில்லை, என்னைத் தடுத்திருக்கிறார். நல்ல ஆத்மா. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். கலீமுல்லா பாய் படங்களைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அண்ணன் வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லையாம், மூன்றையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். அனுப்பினேன். நன்றாகச் சாப்பிட்டேன். அன்று சாயங்காலம் படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

போன் அடித்து எழுந்தேன். கலீமுல்லா பாய்.

"முஸம்மில், அந்த மூணாவது போட்டோ. நல்லா பெருசாக்கிப் பாத்தியா?"

"இல்ல பாய்."

"அண்ணன் ஒன்னப் பாக்கலடா. கையும் ஒனக்கு நேரா இல்ல. ஒன் தோளுக்கு அந்தப் பக்கமா பாக்கறாரு. ஒனக்குப் பின்னால வர்ற ஆளத்தான் வராதேன்னு சொல்றாரு."

எழுந்து விளக்கைப் போட்டேன்.

"நீ போகும்போது ஒனக்குப் பின்னால யாராச்சும் இருந்தாங்களா?"

"நான் தனியாத்தான் போனேன் பாய்."

"திரும்பிப் பாத்தியா?"

"இல்ல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எந்தம்பியா இருக்கும்டா. ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாமேடா" என்றார்.